இணையவழி வயதுவந்தோர் எழுத்தறிவு வளங்களும் பணியிட எழுத்தும்: திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

வயதுவந்தோர் எழுத்தறிவுக்காக இந்தியாவில் இன்று வழங்கப்படும் இணையவழி வளங்கள் எழுத்தறியாதவரை நோக்கிப் பேசுவதாகத் தோன்றினும், அமைப்பு நிலையில் எழுத்தறிந்த இடையாளையே வாசகராகக் கொண்டுள்ளன. அவை எழுத்துக் கூட்டிப் படிக்கும் நிலையோடு நின்றுவிடுகின்றன. திறன்பயிற்சித் தளங்களோ பள்ளிப் படிப்பைக் கடந்தவரிடமிருந்து தொடங்குகின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் கூலிச்சீட்டு, வருகைப் பட்டியல், எச்சரிக்கைப் பலகை, விண்ணப்பப் படிவம் ஆகிய பணியிட எழுத்துகளைக் கற்பிக்கும் வளம் இல்லாத வெற்றிடம் நிலவுகிறது. தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கும் திருத்தணி வட்டாரத்தை முன்வைத்து நோக்கும்போது இவ்வெற்றிடம் தெளிவாகப் புலப்படுகிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: வயதுவந்தோர் கல்வி, எழுத்தறிவு, பணியிட எழுத்து, உல்லாஸ் செயலி, அறிவொளி இயக்கம், இருமொழியம், திருத்தணி.

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. ஆண்களில் 86.77 விழுக்காட்டினரும் பெண்களில் 73.44 விழுக்காட்டினரும் எழுத்தறிந்தோர். அதாவது ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் நால்வருக்கு ஒருவருக்கும் மேற்பட்டோர் எழுத்தறியாதவராகக் கணக்கிடப்பட்டனர். பள்ளிக்கூடம் இவர்களுள் பலரைத் தவறவிட்டுவிட்டது. வேலைத்தளம் அவர்களைத் தவறவிடுவதில்லை. அங்கே கையொப்பம் கேட்கப்படுகிறது, படிவம் நீட்டப்படுகிறது, இப்போது திறன்பேசியும் நீட்டப்படுகிறது.

இத்தகையோருக்கு இணையவழியில் எழுத்தறிவும் பணித்திறனும் வழங்கும் முயற்சிகள் கால் நூற்றாண்டாக நடைபெற்றுவருகின்றன. அவற்றைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் பயன்பெற்றோர் எண்ணிக்கையைச் சொல்லி அமைகின்றன. இவ்வளங்களைப் பனுவல்களாகக் கொண்டு, அவை யாரை நோக்கிப் பேசுகின்றன, எதைக் கற்பிக்கின்றன, எங்கே நின்றுவிடுகின்றன என்று கேட்கும் திறனாய்வு தமிழில் அரிது. அவ்வினாக்களையே இக்கட்டுரை எழுப்புகிறது. இது கள ஆய்வன்று. பொதுவில் கிடைக்கும் வளங்களின் அமைப்பையும் நோக்கத்தையும் ஒரு வட்டாரத்தின் மொழிச்சூழலில் வைத்து மதிப்பிடுவது.

திருத்தணி வட்டாரமும் எழுத்தறிவு என்னும் வரையறையும்

முருகனின் அறுபடை வீடுகளுள் ஒன்றாகவும் 365 படிகள் கொண்ட மலைக்கோயிலாகவும் அறியப்படும் திருத்தணி, 1960 ஏப்ரல் 1 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. படாஸ்கர் பரிந்துரையின் அடிப்படையில் இயற்றப்பட்ட 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டத்தால் அது அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அண்டையிலுள்ள நகரி, புத்தூர் முதலிய ஊர்கள் ஆந்திரத்திலேயே நின்றன. ம.பொ.சிவஞானம் தலைமையேற்ற வடவெல்லைப் போராட்டம் அரசியல் வரலாற்றில் இடம்பெற்ற அளவுக்கு, அப்பகுதிச் சிற்றூர்களில் மக்களுக்குத் தமிழ் கற்பித்த மங்கலங்கிழாரின் பணி கல்வி வரலாற்றில் இடம்பெறவில்லை. இவ்வட்டாரத்தில் ஒருவர் எந்த மொழியில் படிக்கக் கற்றார் என்பது அவருடைய விருப்பத்தைக் காட்டிலும் எல்லைக்கோட்டையும் அருகிலிருந்த பள்ளியையும் பொறுத்து அமைந்தது.

இப்பின்னணியில் கணக்கெடுப்பின் வரையறை கவனத்திற்குரியதாகிறது. ஏதேனும் ஒரு மொழியில் பொருளுணர்ந்து படிக்கவும் எழுதவும் தெரிந்தவர் எழுத்தறிந்தவர் என்பதே அவ்வரையறை. தெலுங்கு வழியில் படித்த ஒருவர் இதன்படி எழுத்தறிந்தவர். ஆனால் பள்ளிப்பட்டிலோ இரா.கி. பேட்டையிலோ கூட்டுறவுச் சங்கத்தின் தமிழ் அறிவிப்பைப் படிக்க அவர் பிறர் உதவியை நாட வேண்டும். 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் 2006–07 கல்வியாண்டில் முதல் வகுப்பில் தொடங்கித் தமிழைப் படிப்படியாகக் கட்டாயப் பாடமாக்கியது. அதற்கு முன்பே தெலுங்கு வழியில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இன்றும் உழைக்கும் வயதினரே. நகரிப் பக்கத்தில் வளர்ந்து வேலைக்காகத் திருத்தணி வழியே தொடர்வண்டியில் சென்னைப் பக்கம் செல்லும் தமிழருக்கும் இந்நிலை பொருந்தக்கூடும். வீட்டில் தமிழ் பேசுவார்; படித்தது தெலுங்காக இருக்கும். புள்ளிவிவரத்தில் எழுத்தறிந்தவரும் வேலைத்தளத்தில் எழுத்தறியாதவருமாக ஒரே ஆள் இருக்க இயலும் என்பதைத் திருத்தணி காட்டுகிறது.

எழுத்தறிவு சூழலிலிருந்து பிரிக்கக்கூடிய தனித்திறன் அன்று. அது எங்கே, எதற்காக, யாருடைய அதிகாரத்தின்கீழ் நிகழ்கிறது என்பதோடு பிணைந்தது என்று பிரையன் ஸ்திரீட் 1984இல் வாதிட்டார். இணையவழி வளங்களை அளக்க இக்கருத்து தகுந்த அளவுகோலாகிறது.

அறிவொளி முதல் செயலி வரை

1978 அக்டோபர் 2இல் தொடங்கிய தேசிய வயதுவந்தோர் கல்வித் திட்டம் மையம், பயிற்றுநர், பதிவேடு என்னும் வடிவில் இயங்கியது. 1988 மே 5இல் தேசிய எழுத்தறிவு இயக்கம் உருவானது. 1990இல் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டபின், மாவட்டம் முழுதும் தன்னார்வலரைத் திரட்டும் முறை பரவியது. தமிழ்நாட்டில் அது அறிவொளி இயக்கமாக வடிவெடுத்தது. மூன்று படிநிலைப் பாடநூல்களைக் கொண்ட முறை அப்போது கையாளப்பட்டது. தனியெழுத்துகளை மனப்பாடம் செய்வித்துத் தொடங்காமல், வாழ்வில் புழங்கும் சொல்லிலிருந்து எழுத்துக்குச் செல்வது அதன் அடிப்படை.

புதுக்கோட்டையில் 1991இல் தொடங்கிய அறிவொளி, பெண்களுக்கு மிதிவண்டி ஓட்டக் கற்பித்ததற்காகப் பெரிதும் பேசப்பட்டது. கல்குவாரிகளில் கூலிகளாக இருந்த பெண்கள் குழுக்களாகச் சேர்ந்து குவாரிகளைக் குத்தகைக்கு எடுத்ததும் அக்காலத்திலேயே. வேங்கடேஷ் ஆத்ரேயாவும் ஷீலா ராணி சுங்கத்தும் 1996இல் வெளியிட்ட நூல் இம்மாவட்ட அனுபவத்தை ஆராய்கிறது, ச.தமிழ்ச்செல்வனின் 'இருளும் ஒளியும்' இயக்கத்தின் உள்ளிருந்து எழுந்த பதிவு. குத்தகைதாரராக மாறிய பெண்ணுக்கு எடையும் சுமைக்கணக்கும் கையொப்பமும் பாடப்பொருளாக வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. அவை அவருடைய அன்றாடத் தேவை. எழுத்தறிவும் பணித்திறனும் இங்கே ஒரே செயலின் இரு கூறுகளாக இருந்தன. பின்வந்த இணையவழி வளங்கள் இவ்விரண்டையும் பிரித்துவிட்டன என்பதே இக்கட்டுரையின் முதன்மைக் குற்றச்சாட்டு.

கணினி வழியிலான முதற் பெருமுயற்சி 2000இல் டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் எஃப்.சி. கோலியின் முன்னெடுப்பில் உருவாக்கிய கணினிவழிச் செயல்சார் எழுத்தறிவுத் திட்டம். அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தெலுங்கில் தொடங்கிப் பின்னர் தமிழ் உள்ளிட்ட மொழிகளுக்கு அது விரிந்தது. அசையும் படங்களும் குரலும் கொண்டு, சொல்லின் வடிவத்தை அடையாளம் காண்பதிலிருந்து எழுத்துக்குச் செல்லும் முறை அதனுடையது. சில பத்து மணி நேரத்தில் படிக்க வைப்பது அதன் இலக்கு. எழுதுவதற்கு அது முதலிடம் தரவில்லை. இதைக் குறையாகச் சுட்டுவோர் உண்டு. ஆயினும் திரையிலிருந்து எழும் குரல் கற்பவரை நோக்கி நேராகப் பேசியது என்பதை மறுக்க இயலாது. இச்சிறப்பு அடுத்த தலைமுறைச் செயலிகளில் மங்கியது.

2009 செப்டம்பர் 8இல் தொடங்கிய சாட்சர பாரதத் திட்டம் 2018இல் முடிவுற்றது. தமிழ்நாட்டில் 'கற்போம் எழுதுவோம் இயக்கம்' என்ற பெயரில் நடந்த இடைக்காலத் திட்டத்தையடுத்து, 2022–27 காலத்துக்குப் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம் வந்தது. இதன் மொத்த ஒதுக்கீடு 1,037.90 கோடி ரூபாய். பதினைந்து வயதும் அதற்கு மேலும் உள்ள ஐந்து கோடிப் பேர் இதன் இலக்கு. அடிப்படை எழுத்தறிவும் எண்ணறிவும், வாழ்வியல் திறன்கள், தொழில் திறன் மேம்பாடு, அடிப்படைக் கல்வி, தொடர்கல்வி என ஐந்து கூறுகள் இதில் அடங்கும். இதற்கான உல்லாஸ் செயலி 2023 சூலை 29இல் வெளியிடப்பட்டது.

பெயரே முதல் தடை. ஆங்கிலத் தொடரொன்றின் முதலெழுத்துகளால் ஆன 'உல்லாஸ்' தமிழர் செவியில் 'உல்லாசம்' என்றே விழும். கேளிக்கையையும் பொழுதுபோக்கையும் குறிக்கும் சொல் அது. 'அறிவொளி' என்ற பெயர் கேட்டவுடனே பொருள் தந்தது. படிக்கத் தெரியாதவரை அழைக்கும் திட்டத்துக்குப் பெயர் காதுவழியாகவே சென்று சேர வேண்டும். அவ்வகையில் இதைச் சிறு குறை எனத் தள்ள இயலாது.

செயலியின் வாசகர் யார்?

உல்லாஸ் செயலியில் கற்போரையும் தன்னார்வலரையும் கணக்கெடுப்பாளர் பதிவுசெய்யலாம். அவர்களே பதிவுசெய்துகொள்ளவும் வழியுண்டு. பதிவான கற்போர் ஒரு தன்னார்வலரோடு இணைக்கப்படுகிறார். பாடநூல்களும் காணொலிகளும் திக்‌ஷா தளத்தில் உள்ளன. கற்றபின் நடைபெறும் தேர்வு 150 மதிப்பெண்ணுக்குரியது. படித்தல், எழுதுதல், எண்ணறிவு என மூன்று பகுதிகளுக்கும் தலா 50 மதிப்பெண். தேர்வு பள்ளி முதலிய மையங்களில் தாளில் நடக்கிறது.

இவ்வமைப்பில் திறன்பேசியைக் கையில் வைத்திருப்பவர் யார் என்று கேட்டால் விடை தெளிவு. பெயர், முகவரி முதலிய பதிவு விவரங்களை நிரப்பவும், ஓ.டி.பி. எண்ணை உரிய கட்டத்தில் இடவும், பாடத்தைத் தேடியெடுக்கவும் எழுத்தறிவு வேண்டும். செயலி எதைத் தருவதாகச் சொல்கிறதோ அதையே நுழைவுக் கட்டணமாகக் கேட்கிறது. எனவே கற்போர் தாமே பதிவுசெய்துகொள்ளும் வழி ஏட்டளவில் இருந்தாலும், தன்னார்வலரும் கணக்கெடுப்பாளருமே செயலியின் உண்மையான பயனர்கள்.

பாடம் சேமிக்கப்பட்டுள்ள தளத்தின் பிறப்பும் இதையே உணர்த்துகிறது. திருத்தணியில் பிறந்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணனின் பிறந்த நாளான செப்டம்பர் 5 ஆசிரியர் நாளாகக் கொண்டாடப்படுகிறது. 2017இல் அதே நாளில் திக்‌ஷா தொடங்கப்பட்டது, ஆசிரியர்களுக்கான தேசியத் தளமாக. பின்னர் மாணவர்களுக்கும் வயதுவந்தோருக்கும் அது திறந்துவிடப்பட்டது. ஆசிரியரை மனத்தில் கொண்டு எழுந்த கட்டடத்தில் கற்பவருக்கு ஓர் அறை ஒதுக்கப்பட்டுள்ளது.

தன்னார்வலரை நடுவில் வைத்தது தவறன்று. அறிவொளியின் வெற்றியே அவர்களால் விளைந்தது. எழுத்தறியாதவர் தனியாகச் செயலியோடு மல்லுக்கட்டுவதைக் காட்டிலும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் அமர்வது மேல். இணைய வளம் அந்தத் தன்னார்வலரின் கையில் எதைக் கொடுக்கிறது என்பதே மதிப்பீட்டுக்குரியது. பள்ளிப் பாடநூலின் ஒழுங்கை ஒட்டிய பாடம், பள்ளித் தேர்வை ஒட்டிய தேர்வு ஆகியவற்றைக் கொடுக்கும்போது, தன்னார்வலர் தாம் பள்ளியில் கற்ற முறையிலேயே கற்பிக்கத் தலைப்படுவார். வயதுவந்தவர் மீண்டும் குழந்தையாக்கப்படுகிறார். மேலும், தேர்வு தாளில் நடப்பதால் திறன்பேசி வெறும் கடத்தியாகவே நின்றுவிடுகிறது; அதில் படிப்பதும் எழுதுவதும் அளக்கப்படுவதில்லை. ஆனால் 2024இல் ஒன்றிய அரசு வெளியிட்ட விளக்கம் எண்முறை எழுத்தறிவையும் நிதி எழுத்தறிவையும் எழுத்தறிவோடு சேர்த்துப் பேசுகிறது. 95 விழுக்காட்டை எட்டினால் முழு எழுத்தறிவு என்கிறது. வரையறை அகன்றது, அளவுகோல் பழையதாகவே உள்ளது.

தமிழ் எழுத்தும் தொடுதிரையும்

தமிழ் எழுத்துகள் 247 என்னும் எண் கற்போரை அச்சுறுத்தும். உண்மையில் கற்க வேண்டிய வடிவுகள் மிகக் குறைவு; உயிரும் அகரமேறிய மெய்யும் துணைக்குறிகளும் புள்ளியும் தெரிந்தால் எஞ்சியவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். இச்சிக்கனத்தை வயதுவந்தவருக்கு வெளிப்படையாக எடுத்துரைப்பது நல்ல கற்பித்தல். குழந்தைக்குரிய பாட ஒழுங்கு இதைச் சொல்வதில்லை.

தொடுதிரையில் இன்னொரு சிக்கல் எழுகிறது. 'கெ', 'கே', 'கை' ஆகியவற்றைத் தாளில் எழுதுபவர் முதலில் துணைக்குறியை இட்டுப் பின்னர் ககரத்தை எழுதுகிறார். ஒலிப்பில் மெய் முந்தியது, உயிர் பிந்தியது. பழைய தட்டச்சுப் பொறி கையெழுத்தின் ஒழுங்கைப் பின்பற்றியது. 1999இல் தமிழக அரசு தரப்படுத்திய தமிழ் 99 விசைப்பலகையும் ஒருங்குறியும் ஒலிப்பின் ஒழுங்கைப் பின்பற்றுகின்றன. திறன்பேசியில் முதலில் ககரத்தைத் தொட்டுப் பின்னர் குறியைத் தொட வேண்டும். தாளில் 'கெ' எழுதக் கற்ற ஒருவர் திறன்பேசியில் குறியை முதலில் தொட்டால் புள்ளிவட்டத்தோடு ஒரு சிதைந்த வடிவம் தோன்றும். எழுத்தறிந்தவர் ஒரு நொடியில் கடந்துபோகும் இவ்விடத்தில் புதிதாகக் கற்றவர் தாம் கற்றதே தவறோ என ஐயுறக்கூடும். தாளிலிருந்து திரைக்குச் செல்லும் இப்படியைக் கற்பிக்கும் பாடம் எழுத்தறிவு வளத்தின் இன்றியமையாத பகுதியாக இருக்க வேண்டும்.

தெலுங்கு கற்றவருக்கான நிலை வேறு. உயிரும் மெய்யும் கூடி ஓரெழுத்தாகும் கோட்பாடு இரு மொழிக்கும் பொது. எனவே அவர் அகரத்திலிருந்து தொடங்க வேண்டியதில்லை. தெலுங்கில் ககர வரிசைக்கு நான்கு எழுத்துகள், தமிழில் ஒன்றே. 'படம்' என்னும் சொல்லிலும் 'தம்பி' என்னும் சொல்லிலும் பகரம் வேறுவேறாக ஒலிப்பதை இடம்நோக்கி அறியும் விதியே அவருக்கு வேண்டிய முதற்பாடம். ழகரமும், நகர னகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும் அடுத்த பாடங்கள். இவ்வளவையும் சில வாரங்களில் முடிக்கலாம். ஆனால் எழுத்தறியாதவர், எழுத்தறிந்தவர் என இருவகையினரை மட்டுமே அறிந்த திட்டத்தில் இவருக்கு இடமில்லை. கணக்கெடுப்பில் எழுத்தறிந்தவர் என்பதால் எழுத்தறிவுத் திட்டம் இவரைத் தேடி வராது. தமிழ் படிக்கத் தெரியாததால் தமிழ்த் திறன்பயிற்சியும் இவருக்கு எட்டாது. தமிழ் இணையக் கல்விக்கழகம் 2001இல் தமிழ் இணையப் பல்கலைக்கழகமாகத் தொடங்கிய காலந்தொட்டு அடிப்படைத் தமிழ்ப் பாடங்களை வழங்கி வருகிறது. எனினும் அதன் முதன்மை நோக்கில் இருந்தவர்கள் அயலகத் தமிழரே. கடல் கடந்து வாழ்வோருக்கு எண்ணிப் பார்த்த உதவி வடவெல்லையில் வாழ்வோருக்கும் உரியது.

எழுத்தறிவுக்கும் திறன்பயிற்சிக்கும் இடையே

திறன்பயிற்சித் தளங்கள் பலவுண்டு. 2017இல் தொடங்கிய சுவயம் உயர்கல்வி சார்ந்தது. 2022 மார்ச் 1இல் தொடங்கிய 'நான் முதல்வன்' முதன்மையாகப் பள்ளி, கல்லூரி மாணவர்களை நோக்கியது. ஊரகக் குடும்பங்களுக்கான எண்முறை எழுத்தறிவுத் திட்டம் 14 முதல் 60 வயது வரையிலானோருக்கு 20 மணி நேரப் பயிற்சியளித்து 2024 மார்ச்சில் நிறைவுற்றது. ஆறு கோடி ஊரகக் குடும்பங்களில் தலா ஒருவர் என்ற அதன் இலக்கு பெரிது. ஆயினும் எழுதப் படிக்கத் தெரியாதவர் 20 மணி நேரத்தில் கணினியும் இணையமும் பணப்பரிமாற்றமும் கற்பது எளிதன்று.

இந்த இரு வகை வளங்களுக்கும் இடையில் எத்தகைய எழுத்து விடுபட்டுள்ளது என்பதற்குத் திருத்தணி வட்டாரத் தொழில்களிலிருந்தே சான்று காட்டலாம்.

முதலாவது, நூறு நாள் வேலை. 2023 சனவரி 1 முதல் பணித்தளங்களில் செயலி வழியே நாளுக்கு இருமுறை படமெடுத்து வருகையைப் பதிவது கட்டாயமாக்கப்பட்டது. பணித்தளப் பொறுப்பாளராக இருக்கும் பெண்ணின் கைத்திறனைப் பொறுத்துப் பிறருடைய கூலி அமைந்தது. வருகைப் பட்டியலில் தம் பெயரைத் தாமே கண்டறிய இயலாத தொழிலாளி, பதிவு விடுபட்டதைக் கூலி வராதபோதே அறிகிறார். ஒரு பட்டியலில் தம் பெயரையும் தேதியையும் எண்ணையும் கண்டறிவது முதல் மாதத்திலேயே கற்பிக்கத்தக்கது. 'அம்மா', 'ஆடு' என்று தொடங்கும் பாட ஒழுங்கில் அது வெகு தொலைவில் உள்ளது.

இரண்டாவது, நெசவு. அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை முதலிய ஊர்களில் தறி வாழ்வாதாரம். பாவின் நீளம், ஊடை நூலின் அளவு, கொடுத்த நூல், திரும்பிய துணி, கழித்த முன்பணம், மிஞ்சிய கூலி ஆகியவை நெசவாளருக்கு மனக்கணக்காகத் தெரிந்தவை. அவரை எண்ணறிவு இல்லாதவர் எனச் சொல்வது பொருந்தாது. அவருக்குத் தேவை, தம் மனக்கணக்கை எதிரிலிருப்பவரின் ஏட்டுக்கணக்கோடு ஒப்பிடும் திறன். எண்ணறிவுப் பாடம் கூட்டலையும் கழித்தலையும் புதிதாகக் கற்பிக்கிறது. ஏற்கனவே உள்ள கணக்கறிவைத் தாளில் ஏற்றக் கற்பித்தால் அவர் விரைவில் தேறுவார்.

மூன்றாவது, திருமழிசை, திருப்பெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலை வேலை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 108ஆம் பிரிவு, அறிவிப்புகள் ஆங்கிலத்திலும் தொழிலாளருள் பெரும்பாலோர் புரிந்துகொள்ளும் மொழியிலும் இருக்க வேண்டும் என விதித்தது. 'புரிந்துகொள்ளும் மொழி' என்பதைச் சட்டம் பேச்சறிவாகக் கொண்டதா, படிப்பறிவாகக் கொண்டதா என்பது வினாவிற்குரியது. பலகையில் 'மின் இணைப்பைத் துண்டித்த பின்னரே பழுது நீக்கவும்' என்றிருக்கும். தொழிலாளர் வழக்கிலோ 'கரண்ட்டை நிறுத்திட்டு கை வை'. ஊதியச் சீட்டில் 'பிடித்தம்', 'வருங்கால வைப்பு நிதி' என்றிருக்கும். அவர் அறிந்தது 'பி.எஃப்.' மட்டுமே. எழுத்துத் தமிழுக்கும் பேச்சுத் தமிழுக்கும் உள்ள தொலைவு இங்கே இலக்கணச் செய்தியாக நிற்பதில்லை. கையையும் கூலியையும் காப்பதோடு தொடர்புடையதாகிறது. எழுத்துக் கூட்டிப் படித்தும் பொருள் விளங்காத நிலை புதிதாகக் கற்றவரை மீண்டும் கைநாட்டுக்கே தள்ளும்.

இந்நிலையில் இடைவெளியை நிரப்புபவர் இ-சேவை மையத்துக்காரர். 2021 ஆகத்து 26இல் தொடங்கிய இ-ஷ்ரம் தளத்தில் அமைப்புசாராத் தொழிலாளர் தாமே பதியலாம். அதற்கு ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண் வேண்டும். இல்லாதவர் பொதுச் சேவை மையம் செல்ல வேண்டும். முன்னர் கடிதம் எழுதித் தந்தவரின் இடத்தில் இன்று படிவம் நிரப்பித் தருபவர் அமர்ந்திருக்கிறார். அவர் நிரப்பியதைச் சரிபார்க்கும் அளவுக்காவது எழுத்தறிவு கிடைக்காவிடில், இணையம் சார்பைக் குறைக்கவில்லை; சார்ந்திருக்கும் ஆளை மாற்றியிருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

ஓர் ஒப்பீடு

எழுத்தறிவுக் குறைபாடு உழைப்போரிடையே நிலவுவது வளர்ந்த நாடுகளிலும் உண்டு. செருமனியில் 2018இல் நடந்த லியோ ஆய்வு, தொடர்களைத் தாண்டி ஒரு சிறு பனுவலைப் படித்தெழுத இடர்ப்படும் வயதுவந்தோர் 62 இலட்சம் பேர் என மதிப்பிட்டது. அவர்களுள் ஏறத்தாழ 62 விழுக்காட்டினர் வேலையில் இருந்தனர். அந்நாட்டு மக்கள் கல்விக் கழகங்களின் கூட்டமைப்பு 2004இல் தொடங்கிய கட்டணமற்ற கற்றல் தளம், இன்று விரிந்த கற்றல் வாயிலாக இயங்குகிறது. உண்மைப் பெயரை வெளியிடாமலே அங்குக் கற்கலாம். இணையவழிப் பயிற்றுநர் பின்னணியில் உதவுகிறார். பணி சார்ந்த அடிப்படைக் கல்வி என்னும் தனித்துறையே அங்கு வளர்ந்துள்ளது.

அந்நாட்டுக் கற்போர் பெரும்பாலும் பள்ளி சென்றவர்கள். இந்தியச் சூழல் அதனினும் வேறு. ஆகவே அப்படியே எடுத்தாள்வது பொருந்தாது. எனினும் ஒரு கருத்தைப் பெறலாம். எழுதப் படிக்கத் தெரியாததை வெளிப்படுத்த நாணும் மனிதருக்கு மறைவு ஒரு கற்றல் வசதி. சிற்றூரில் வீடுவீடாகக் கணக்கெடுத்துப் பெயரைப் பதிவதில் தொடங்கும் திட்டம், முதல் அடியிலேயே அந்நாணத்தைப் பொதுவெளியில் வைக்கிறது. இணையம் தரவல்ல தனிமையை நம் வளங்கள் இன்னும் பயன்படுத்தவில்லை.

குரலும் அவ்வாறே. கூகுளின் குரல்வழி உள்ளீடு 2017இல் தமிழுக்கு வந்தது. எழுதத் தெரியாதவரும் குரல்பதிவு அனுப்பி உரையாட இயலும். இதை எழுத்தறிவுக்குப் பகையாகக் கருத வேண்டியதில்லை. தாம் சொன்ன தொடர் திரையில் எழுத்தாக மாறுவதைக் காண்பவர் தம் சொல்லையே முதற்பாடமாகப் பெறுகிறார். வாழ்வில் புழங்கும் சொல்லிலிருந்து எழுத்துக்குச் சென்ற அறிவொளி முறைக்கு இது நெருங்கிய உறவு. பேச்சு வழக்கைக் குரலுணரி பிழையாக எழுதும் இடங்கள் உண்டு. அவற்றைத் தன்னார்வலர் உடனிருந்து திருத்தும்போது பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள வேறுபாடே பாடமாகும்.

முடிவுரை

மேற்கண்ட மதிப்பீட்டிலிருந்து பெறப்படும் முடிவுகள் வருமாறு:

1. இன்றைய இணையவழி எழுத்தறிவு வளங்கள் கற்போரை இலக்காகக் கூறினும், பயனராகத் தன்னார்வலரையே கொண்டுள்ளன. தன்னார்வலர் இன்றியமையாதவர், அவருக்கு அளிக்கும் பாடமே பள்ளி ஒழுங்கிலிருந்து விடுபட வேண்டும்.

2. எழுத்தறிவு வளங்கள் முடியும் இடத்துக்கும் திறன்பயிற்சி வளங்கள் தொடங்கும் இடத்துக்கும் இடையிலுள்ள பணியிட எழுத்து தனிப் பாடப்பகுதியாக வேண்டும். வருகைப் பட்டியல், கூலிக்கணக்கு, ஊதியச் சீட்டு, எச்சரிக்கைப் பலகை, விண்ணப்பப் படிவம் ஆகியவற்றின் மாதிரிகளைக் குரல் விளக்கத்தோடு தொகுத்தளிப்பது இதற்கான முதற்பணி.

3. ஏதேனும் ஒரு மொழியில் எழுத்தறிவு என்னும் வரையறை எல்லைப்புற வட்டாரங்களின் தேவையை மறைக்கிறது. தெலுங்கு கற்றவர் தமிழ் படிக்கவும் தமிழர் தெலுங்குப் பலகையைப் படிக்கவும் உதவும் குறும்பாடங்களைத் திருத்தணி போன்ற ஊர்களுக்கென உருவாக்க வேண்டும்.

4. தாளில் எழுதுவதற்கும் தொடுதிரையில் எழுதுவதற்கும் உள்ள ஒழுங்கு வேறுபாட்டைத் தமிழ்ப் பாடநூல் ஆக்குவோர் கருத்தில் கொள்ள வேண்டும். இது கணினித் தமிழ் ஆய்வாளரும் வயதுவந்தோர் கல்வியாளரும் கூடிச் செய்ய வேண்டிய பணி.

5. 150 மதிப்பெண் தேர்வோடு, கற்றவர் ஒரு பட்டியலில் தம் பெயரைக் கண்டறிந்தாரா, தம் கூலியைச் சரிபார்த்தாரா, பிறர் நிரப்பிய படிவத்தில் பிழையைச் சுட்டினாரா என்பனவும் அளவைகளாக வேண்டும்.

பள்ளிப்பட்டுக் கூட்டுறவுச் சங்கத்தின் தமிழ் அறிவிப்பைத் தெலுங்கு படித்தவர் தாமே படிப்பதும், அம்மையார்குப்பத்து நெசவாளர் தம் மனக்கணக்கை ஏட்டில் விரல்வைத்து ஒப்பிடுவதும், பணித்தளத்தில் நிற்கும் பெண் அன்றைய பதிவில் தம் பெயர் உள்ளதா என்று மாலைக்குள் பார்த்துக்கொள்வதும் நிகழும்போதே இவ்வளங்கள் பயன்பட்டன என்று கூறலாம். பதிவானோர் எண்ணிக்கை அதைச் சொல்லாது.